டேனிய நாட்டில் ஒரு சைக்கிள் உலா: எங்கள் திட்டமும் அது மாறிய விதமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், பயணக் குழுவினர் எண்மர் சார்பில் ஆற்றிய உரை)

    

பயணம் சென்று மீண்டவர்கள் தாம் கண்டவற்றை மேடையேறிக் கூறுவதே உலக வழக்கம். நாங்களோ இன்னும் புறப்படவே இல்லை. வரும் ஆனித் திங்களில்தான் புறப்பட இருக்கிறோம். ‘போகாத ஊருக்கு வழி சொல்ல வந்துவிட்டார்களே!’ என்று உங்களுள் சிலர் நகைப்பது எங்கள் செவியில் விழுகிறது. ஆயினும், செயலாளர் அவர்கள் எங்களைப் பேசுமாறு பணித்ததற்குக் காரணம் உண்டு. இப்பயணத்திற்குத் திட்டமிட்ட ஓராண்டுக் காலத்தில் நாங்கள் ஒரு பெரும் பிழை செய்தோம். பின்னர் அதைத் திருத்திக் கொண்டோம். அந்த வரலாறு இனிப் புறப்பட எண்ணுவோர்க்குப் பயன்படும் என்று அவர் கருதினார்.

நாங்கள் நான்கு குடும்பத்தினர். கணவரும் மனைவியருமாக எண்மர். எங்களுள் இளையவருக்கு வயது 44, மூத்தவருக்கு 63. சைக்கிள் நமக்குப் புதியதன்று. 1959-ஆம் ஆண்டு இந்தப் பிலாய் உருக்காலையின் முதல் ஊதுலை மூட்டப்பட்ட காலந்தொட்டு, நம் முன்னோர்கள் சைக்கிள் மிதித்தே வேலைக்குச் சென்றனர். சங்கு ஊதும் வேளையில் ஆலை வாயிலை நோக்கி ஆறுபோல் ஓடிய அந்தச் சைக்கிள் கூட்டத்தை நம் காலனியில் அறியாதார் யார்? இன்று அவ்விடத்தை மோட்டார் வாகனங்கள் பிடித்துக் கொண்டன. ஓய்வு பெறும் காலத்தில் ஒருமுறையேனும் பழைய துணையோடு ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை எங்கள் உள்ளத்தில் எழுந்தது.

சுற்றுவதற்கு எத்தனையோ நாடுகள் இருக்க, டென்மார்க்கை ஏன் தேர்ந்தோம்? எங்களுள் ஒருவர் போறையாற்றைச் சேர்ந்தவர். சிறுவயதில் அவர் விளையாடிய கடற்கரை தரங்கம்பாடிக் கடற்கரை. தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து கொண்டு 1620-இல் டேனியர் அங்கே டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினர். 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுச் சென்றனர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக நம் கடற்கரையில் வாழ்ந்தவர்களின் நாடு எப்படி இருக்கும் என்று காண அவர் நெடுநாளாக விரும்பினார். அவர் ஆசையே எங்கள் அனைவரையும் தொற்றிக் கொண்டது.

அந்நாட்டின் இயல்பும் எங்கள் ஆசைக்கு இசைந்தது. ஐரோப்பாவின் வடபகுதியில் உள்ள மிகச் சிறிய நாடு அது. கிரீன்லாந்தையும் பாரோ தீவுகளையும் நீக்கிப் பார்த்தால் அதன் பரப்பு ஏறக்குறைய 43,000 சதுர கிலோமீட்டர். ஒரு தீபகற்பமும் நானூற்றுக்கு மேற்பட்ட தீவுகளும் சேர்ந்ததே அந்நாடு. அங்கே எந்த இடத்தில் நின்றாலும் கடல் 52 கிலோமீட்டருக்கு அப்பால் இராது. திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அதைப் போல் இரு மடங்கு உயர்ந்தால் அந்நாட்டின் மிக உயர்ந்த இடத்தை எட்டிவிடலாம். மொல்லஹொய் என்னும் அந்த மேட்டின் உயரம் ஏறத்தாழ 171 மீட்டரே. மலை ஏறி மூச்சு வாங்க வேண்டிய தொல்லை இல்லை.

அந்நாட்டு மக்களும் ஒரு காலத்தில் சைக்கிளைக் கைவிடும் நிலையில் இருந்தவர்களே. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளை ஓட்டக்கூடாது என அரசு ஆணையிட்டது. வெறிச்சோடிய சாலைகளில் மக்கள் மீண்டும் சைக்கிள் மிதித்தனர். பின்னர்ப் பாதுகாப்பான சைக்கிள் பாதை வேண்டும் என்று வீதிகளில் திரண்டு கேட்டனர்; பெற்றனர். 1993-இல் நாடு முழுவதையும் இணைக்கும் தேசியச் சைக்கிள் வழித்தடங்கள் எண்ணிட்டு அமைக்கப்பட்டன. நீலப் பலகையில் சிவப்புக் கட்டத்திற்குள் எழுதிய எண்ணைப் பின்பற்றிச் சென்றால் அயலாரும் வழி தவறார் என்பர்.

இவற்றையெல்லாம் படித்தறிந்த ஆடவர் நால்வரும் ஒரு மாலை வேளையில் தேசப்படத்தை விரித்துக் கொண்டு அமர்ந்தோம். பால்டிக் கடலையொட்டிச் செல்லும் எட்டாம் எண் வழித்தடம் எங்கள் கண்ணைக் கவர்ந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 820 கிலோமீட்டர். பதினான்கு நாள்களில் முடிப்பது என்று தீர்மானித்தோம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர்! இரவில் காட்டோரம் கூடாரம். காலையில் மீண்டும் பயணம். ஒரே மாலையில் திட்டம் முடிந்தது. சைக்கிளே ஏறியறியாத ஒருவரும், முப்பதாண்டுகளாக அதைத் தொடாத இருவரும் எங்கள் குழுவில் இருக்கின்றனர் என்பது எங்கள் நினைவிற்கு வரவில்லை. அம்மூவரும் எங்கள் மனைவியர் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பயிற்சி தொடங்கிற்று. சைக்கிள் அறியாதவர் போறையாற்று நண்பரின் துணைவியார், வயது 52. காலனி மைதானத்தில் விடியற்காலையில் யாரும் காணாத வேளையில் பழகினார். இரண்டு மாதங்கள் சென்றபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்மரும் மரோடா நீர்த்தேக்கம் வரை சென்று வரப் புறப்பட்டோம். ஆடவர் நால்வரும் முன்னே விரைந்தோம். கரையில் அமர்ந்து தேநீர் அருந்தினோம். இரண்டாம் முறையும் அருந்தினோம். மற்ற மூவரும் வந்து சேர்ந்தனர். அந்த அம்மையாரை மட்டும் காணவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, சைக்கிளைத் தள்ளிக் கொண்டு நடந்தே வந்தார். முழங்காலில் தோல் உரிந்திருந்தது. புடவையின் ஓரம் கிழிந்திருந்தது. அவர் எவரையும் கடிந்து பேசவில்லை. “நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்” என்றார்.

அன்பர்களே! இந்தச் சொற்றொடரை நம் வீடுகளில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! நம் தாய்மார்கள் சொன்னார்கள். நாம் போய் வந்தோம். காசிக்குப் போனபோதும் சொன்னார்கள். கண்காட்சிக்குப் போனபோதும் சொன்னார்கள். அதை அவர்களுடைய விருப்பம் என்றே நாம் எடுத்துக் கொண்டோம். அன்றும் அப்படியே எடுத்துக் கொள்ள எங்களுள் இருவர் ஆயத்தமாக இருந்தனர். “அம்மா ரயிலில் வந்து ஊருக்கு ஊர் நம்மோடு சேர்ந்து கொள்ளட்டுமே” என்று ஒருவர் வழியும் கூறினார்.

அப்போது எங்களுள் ஆசிரியையாகப் பணிபுரிபவர் ஒரு கேள்வி கேட்டார்: “உடம்பை அளக்காமல் சட்டை தைத்துவிட்டு, சட்டை சேரவில்லை என்று உடம்பைக் குறை கூறலாமா?” நாங்கள் வாய் திறக்கவில்லை. திட்டத்தை யாருடைய கால் அளவில் போட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. குழுவில் மிக விரைந்து செல்பவர் எவ்வளவு தொலைவு செல்வார் என்று கணக்கிட்டோமேயன்றி, மிக மெல்லச் செல்பவர் எவ்வளவு தொலைவு களிப்போடு செல்வார் என்று கேட்கவே இல்லை.

அன்றிரவே பழைய திட்டத்தைக் கைவிட்டோம். எளிதாகக் கைவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். 820 கிலோமீட்டரையும் மிதித்து முடிக்க வேண்டும் என்று கனாக் கண்ட நண்பர் ஒருவர் இரண்டு வாரம் எங்களோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய வருத்தமும் நியாயமானதே. அடுத்த மூன்று மாதங்கள் அம்மையாரின் பயிற்சியைத் தொடர்ந்தோம். இம்முறை அவரை முன்னே விட்டு, மற்ற எழுவரும் பின்னே சென்றோம். அவர் இறங்கினால் நாங்களும் இறங்கினோம். மூன்றாம் மாத இறுதியில், இடையிடையே இளைப்பாறி, 25 கிலோமீட்டர் சென்றார். வீடு திரும்பியபின் சமைக்கவும் பாடவும் அவரிடம் வலு இருந்தது. அதுவே எங்கள் அளவுகோல் ஆயிற்று.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக் கொண்டு மீண்டும் தேசப்படத்தைப் பார்த்தோம். முன்பு எங்கள் கண்ணில் படாத ஒரு சிறு புள்ளி இப்போது தெரிந்தது. நாட்டின் பிற பகுதிகளினின்றும் விலகி, பால்டிக் கடலில் சுவீடனுக்குத் தெற்கே தனித்து நிற்கும் போர்ன்ஹோல்ம் தீவே அது. பரப்பு 588 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி வரும் சைக்கிள் பாதையின் நீளம் 105 கிலோமீட்டர். உட்புறப் பாதைகளையும் சேர்த்தால் 230 கிலோமீட்டருக்கு மேல். அங்கே முன்பு ஓடிய சிறு ரயில்கள் 1968-இல் முற்றிலும் நின்றுவிட்டன. தண்டவாளம் கிடந்த தடங்கள் பல இன்று சைக்கிள் பாதைகளாக விளங்குகின்றன. ரயில் சென்ற தடமாதலால் அவற்றில் செங்குத்தான ஏற்றம் இராது.

எங்கள் வழியைச் சுருக்கமாகக் கூறுகிறோம். கோபன்ஹேகன் நகரில் இரண்டு நாள் தங்குகிறோம். அங்கிருந்து நகர ரயிலில் கோகெ துறைமுகம் சென்று, நள்ளிரவில் புறப்படும் கப்பலில் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் தீவின் தலைநகரான ரொன்னே வந்துவிடும். சைக்கிள்களை அங்கேயே வாடகைக்கு எடுக்கிறோம். முதல் நாள் வடக்கே ஹாம்மர்ஸ்ஹூஸ் கோட்டை. கடலோரப் பாறை மீது நிற்கும் அது வட ஐரோப்பாவின் மிகப் பெரிய கோட்டை இடிபாடு என்று புகழ் பெற்றது. அடுத்து, மீன்களைப் புகையில் பதப்படுத்தும் கூடங்கள் நிறைந்த கூத்யெம். அதற்கு அருகில் ஊஸ்டர்லார்ஸ் என்னும் வட்ட வடிவத் தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டளவில் எழுந்த இத்தகைய கோயில்கள் அத்தீவில் நான்கு. அவற்றுள் பெரியது இதுவே. பிறகு ஸ்வானெகே என்னும் சிறு துறைமுகம். அதன்பின் தெற்கு முனையில் வெண்மணல் பரந்த டூயோடே. ஐந்தாம் நாள் மீண்டும் ரொன்னே. ஒரு நாளைக்கு இருபதிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் முடித்துக் கொள்கிறோம். நடுவில் ஒரு நாள் முழு ஓய்வு.

வலுவுள்ளோரை நாங்கள் மறந்துவிடவில்லை. முகங்கொடுத்துப் பேசாதிருந்த நண்பருக்காகப் பிற்பகல்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். தீவின் நடுவே அல்மின்டிங்கன் என்னும் பெருங்காடு உண்டு. 2012 முதல் அங்கே ஐரோப்பியக் காட்டெருமைகளை விட்டு வளர்க்கின்றனர். தீவின் மிக உயர்ந்த இடமும் அங்கேதான்; 162 மீட்டர். அவர் விரும்பிய அளவு ஏறி இறங்கலாம். இதைக் கண்டுபிடித்துக் கூறியவர் அந்த அம்மையாரே. நண்பரும் இப்போது மகிழ்வோடு இருக்கிறார்.

இனி, நடைமுறைச் செய்திகள் சில. நீங்களும் குறித்துக் கொள்ளலாம்.

முதலாவது, காற்று. மேடில்லாத நாட்டில் காற்றே மேடு. அங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று வீசும். ஆதலால் தீவின் வடகரையில் கிழக்கு நோக்கிச் செல்லுமாறு வழியை அமைத்தோம். முதல் நாள்களில் காற்று முதுகில் தள்ளும். கடைசி நாளில் அது எதிர்த்து நிற்கும். அன்று யாரேனும் சோர்ந்தால், பேருந்தில் சைக்கிளோடு ஏறிக்கொள்ள வழியுண்டு. ஒரு வண்டியில் சில சைக்கிள்களுக்கே இடம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பருவம். ஜூன் திங்களில் அங்கே பகற்பொழுது 17 மணி நேரத்திற்கு மேல். ஆகவே அவசரம் வேண்டா. நம் ஊரில் மே மாதம் 45 டிகிரி வரை வெயில் காய்கிறது. அங்கே நண்பகலிலும் 20 டிகிரி செல்சியஸ் அளவே இருக்கும். மழை எந்நாளும் வரலாம். தடித்த ஒரே கம்பளியைவிட மெல்லிய ஆடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே நன்று. அந்நாட்டுப் பள்ளி விடுமுறை ஜூன் இறுதியில் தொடங்கும். அதற்கு முன் சென்றால் தங்குமிடம் எளிதில் கிடைக்கும். ஜூன் 23-ஆம் நாள் இரவு அவர்கள் கடற்கரைகளில் நெருப்பு மூட்டிப் பாடுவர். கார்த்திகைச் சொக்கப்பனை கண்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

மூன்றாவது, சாலை விதி. அங்கே வலப்புறம் செல்ல வேண்டும். நாமோ இடப்புறம் பழகியவர்கள். இதற்காக மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலப்புறப் பயிற்சி செய்து வருகிறோம். நாற்சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால், சாலை நடுவே குறுக்கிடலாகாது. நேரே கடந்து, எதிர் மூலையில் நின்று, பிறகே திரும்ப வேண்டும். நிற்கப் போகும்போது கையை உயர்த்திப் பின்னால் வருவோர்க்கு அறிவிக்க வேண்டும். தலைக்கவசம் அங்கே கட்டாயமில்லை. எனினும் நாங்கள் எண்மரும் அணிவோம்.

நான்காவது, தங்குமிடம். அண்டை நாடான சுவீடனில் உள்ளதுபோல் எங்கு வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கும் பொது உரிமை டென்மார்க்கில் இல்லை. அதற்கென ஒதுக்கிய காடுகளிலும் முகாம் நிலங்களிலுமே தங்கலாம். மூன்று புறம் மரச்சுவரும் மேலே கூரையும் கொண்ட எளிய குடில்களும் பல இடங்களில் உண்டு. நாங்கள் ஓரிரவு மட்டும் அத்தகைய குடிலில் தங்குவோம். மற்ற இரவுகளில் இளைஞர் விடுதிகளில் தங்குவோம். பெயர்தான் இளைஞர் விடுதி. எங்களைப் போன்ற முதியோரையும் ஏற்றுக் கொள்கின்றனர்!

ஐந்தாவது, உணவு. வெளிநாட்டிலிருந்து வருவோர் இறைச்சியும் பாற்பொருளும் கொண்டு வரலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. எனவே நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் இதே தடைதான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், உலர்ந்த வற்றல் ஆகியவற்றைக் கட்டிக் கொள்கிறோம். சமையல் வாயு உருளையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கே வாங்க வேண்டும். ரை என்னும் தானியத்தால் செய்த கருநிற ரொட்டியும் உருளைக்கிழங்கும் சைவர்க்குத் துணை. குழாய் நீரை அஞ்சாமல் பருகலாம். எங்களுள் மூத்தவருக்கு நீரிழிவு உண்டு. அவருடைய மருந்துகளும் மருத்துவர் சீட்டும் கைப்பையில் வரும். வேளைக்கு உண்பது குழு முழுமைக்கும் விதி.

ஆறாவது, அனுமதியும் பணமும். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள்களுக்குக் குறைந்தால் ஏற்கமாட்டார்கள். 2024 முதல் கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். டென்மார்க் 1973-இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தும், அங்கே இன்றும் வழங்கும் நாணயம் குரோன், யூரோ அன்று. செலவு மிகுந்த நாடு அது. பதினான்கு நாள் பயணம் சுருங்கியதால் எங்கள் செலவும் சுருங்கிற்று. முதல் திட்டத்தில் தயங்கிய ஒரு குடும்பம் இப்போது கடன் வாங்காமலே வருகிறது. மெல்லச் செல்பவரை எண்ணிச் செய்த மாற்றம், மெலிந்த பணப்பையை உடையவர்க்கும் நன்மையாயிற்று.

அவையோரே! பிறந்த மண்ணை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து குடியேறியவர்கள் நாம். நம்முள் மொழி பழக நெடுநாள் பிடித்தவர்கள் இருந்தனர். தனியே கடைத்தெருவுக்குச் செல்ல அஞ்சியவர்கள் இருந்தனர். அவர்களையும் கைப்பிடித்து அழைத்து வந்ததனால்தான் இது சங்கம் ஆயிற்று. இந்தப் பாடத்தை அறிந்திருந்தும், தேசப்படத்தை விரித்தவுடன் நாங்கள் மறந்துவிட்டோம். ஓர் அம்மையாரின் உரிந்த முழங்கால் அதை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஆகவே, எங்கு செல்வதாயினும், திட்டமிட அமரும்போது செல்ல இருப்பவர் அனைவரும் அமருங்கள். உங்களுள் மிக மெல்லச் செல்பவரைக் கேட்டபின் தொலைவைக் குறியுங்கள். எங்கள் வேண்டுகோள் இவ்வளவே.

சென்ற ஞாயிறன்று மீண்டும் மரோடா சென்றோம். அம்மையார் முன்னே சென்றார். கரையில் தேநீர்க் கடைக்காரரிடம் எட்டுப் பேருக்கும் அவரே சொல்லி வைத்தார். இப்போது காலனியைச் சேர்ந்த தாய்மார்கள் மூவர் அவரிடம் சைக்கிள் பழக வருகின்றனர். ஞாயிறுதோறும் காலை ஐந்தரை மணிக்கு மைதானத்தில் கூடுகிறோம். விருப்பமுள்ளோர் வரலாம், சைக்கிள் இல்லாதவர்க்கு எங்களுடையது உண்டு.

போய் வந்தபின் கண்டவற்றைக் கூற மீண்டும் இம்மேடைக்கு வருவோம். எண்மரும் நலமே சென்று மீள நீங்கள் வாழ்த்த வேண்டுமெனக் கேட்டுக் கொள்கிறோம்.